மெஷின்ல தச்சதுதானே?

போன மாதம் வீட்டுக்கு வந்திருந்த தோழி, சோபாவில் கிடந்த போர்வையை எடுத்து மடியில் விரித்துக்கொண்டாள். 60 அங்குல நீளம், 50 அங்குல அகலம். கட்டிலுக்குப் பத்தாது. சாய்ந்து உட்கார்ந்து படிக்கும்போது காலை மூடிக்கொள்ளச் சரியாக இருக்கும். ‘த்ரோ’ என்று விற்கிறார்களே, அந்த அளவு. மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரே துணி. மூன்றையும் சேர்த்துப் பிடித்திருப்பது சுழிசுழியான தையல். அந்தச் சுழிகளை விரலால் தடவிக்கொண்டே கேட்டாள்.

“செமயா இருக்குடி. நீயே பண்ணதா?”

“ஆமா.”

“கையாலயா?”

“மெஷின்ல.”

“ஓ, மெஷின்ல தச்சதுதானே.”

போர்வை மடியிலிருந்து இறங்கிவிட்டது. பேச்சும் வேறு பக்கம் போய்விட்டது.

அந்தத் ‘தானே’யோடுதான் எனக்குச் சண்டை, தோழியோடு இல்லை. அவள் பாவம், எல்லோரும் சொல்வதைத்தான் அவளும் சொன்னாள். கையால் செய்தால் அதில் உயிர் இருக்கிறது, மெஷினில் செய்தால் அது வெறும் சரக்கு. கண்காட்சி அட்டைகளில் இதைத்தான் எழுதி வைக்கிறார்கள். கைவினைப் பொருள் பற்றிய உருக்கமான பதிவுகளிலும் இதுதான். இவ்வளவு பேர் இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிற ஒரு விஷயத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

மெஷினிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இலக்கியம் படிக்கிற நமக்குத் தையல் பெரும்பாலும் உருவகம். சொற்களைத் தைப்போம், நினைவுகளை ஒட்டுப்போடுவோம், மௌனத்தில் ஊசி கோப்போம். பாபின்ல நூல் சுத்திக் குடு என்றால் முழிப்போம்.

தையல் மெஷினில் ஊசி இறங்கும் தட்டுக்குக் கீழே ரம்பம் மாதிரி வரிசையாக இரும்புப் பல் இருக்கும். டெய்லர்கள் பல்லு என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொரு தையலுக்கும் அது மேலே எழுந்து துணியைக் கவ்விப் பின்னால் தள்ளும். தையல் எவ்வளவு நீளம், எந்தத் திசை என்பதெல்லாம் அந்தப் பல்லின் பொறுப்பு. டெய்லரின் கை துணிக்கு வழி காட்டும், அவ்வளவுதான். மீறி இழுத்தால் ஊசி உடையும்.

‘ஃப்ரீ மோஷன்’ என்பது இந்தப் பல்லைக் கீழே இறக்கிவிட்டுத் தைப்பது. வழக்கமான பாதத்தைக் கழற்றிவிட்டு, துணியை அழுத்திப் பிடிக்காமல் ஊசியோடு சேர்ந்து துள்ளுகிற டார்னிங் பாதத்தை மாட்டணும். இனி மெஷினுக்குத் தெரிந்த ஒரே வேலை ஊசியை மேலும் கீழும் ஆட்டுவது. துணி தானாக ஒரு நூல்கூட நகராது. முன்னால், பின்னால், பக்கவாட்டில், வட்டமாக, எங்கே போகணும், எவ்வளவு போகணும் எல்லாம் இரண்டு கையும் தீர்மானிக்கணும். பேனாவை அந்தரத்தில் கட்டிவிட்டு, தாளை நகர்த்தி நகர்த்திக் கையெழுத்துப் போடச் சொன்னால் எப்படி இருக்கும்? அந்தப் பேனா நிமிஷத்துக்குச் சில நூறு தடவை குதிக்கவும் செய்தால்?

கால் வேகமாக அழுத்தி, கை மெதுவாக நகர்ந்தால் தையல் கடுகு கடுகாக நெருங்கிவிடும். கை முந்தினால் தையல் அகன்று பல்லிளிக்கும். வளைவில் கை அவசரப்பட்டால் இன்னொரு கூத்து. முன்பக்கம் அழகாக இருக்கும். திருப்பிப் பார்த்தால் அடிநூல் வளையாமல் நேராக இழுத்துக்கொண்டு கிடக்க, மேல்நூல் அதன்மேல் கண்ணிமை மயிர் மாதிரி வரிசையாகத் துருத்திக்கொண்டிருக்கும்.

‘மெஷின்ல தச்சதுதானே’ என்ற வாக்கியம் உலகத்தில் எந்தத் தையலுக்கு வேண்டுமானாலும் ஓரளவு பொருந்தலாம். இதற்குப் பொருந்தவே பொருந்தாது. மெஷின் தன் தீர்மானத்தை முழுசாக விட்டுக்கொடுத்துவிட்டு வெறும் ஊசியாக நிற்கிற ஒரே இடம் இது.

இரண்டு வருஷமாக எனக்குக் கைவந்தது ஒரே டிசைன்தான். புழு ஊர்ந்த தடம் மாதிரி வளைந்து வளைந்து, தன்னையே எங்கேயும் வெட்டிக்கொள்ளாமல் போகிற கோடு. இதைக் கற்றுக்கொண்டுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். சரியாக வந்துவிட்டால் அப்புறம் அதிலேயே தங்கிவிடத் தோன்றும். இந்தப் போர்வைக்குச் சுழி போட்டுப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன்.

“கோலம் போடேன்” என்று இரண்டு பேர் சொன்னார்கள். சிக்குக்கோலம் கையெடுக்காமல் போடுகிற கோடுதானே, மெஷினுக்கும் அது சுலபம்தானே, நம்ம பாரம்பரியம் வேறயாச்சே. கோலம் எனக்குப் பிடிக்கும். ஆனால் கோலத்துக்குப் புள்ளி குறிக்கணும், குறித்த புள்ளியைப் பிசகாமல் சுற்றணும். குறித்ததைப் பிசகாமல் தைப்பதில்தான் எங்கள் வீட்டுப் பிழைப்பே ஓடியது. அதற்குப் பின்னால் வருகிறேன். எனக்குக் குறியில்லாத கோடு வேண்டியிருந்தது.

சுழியில் ஒரே ஒரு சூட்சுமம்தான். உள்ளே சுற்றிக்கொண்டு போகும்போதே, திரும்பி வருகிற கோட்டுக்கு இடம் விட்டுக்கொண்டு போகணும். இது படிக்கும்போது புரிந்துவிடும். பழைய நோட்டில் பேனா எடுக்காமல் பக்கம் பக்கமாகப் போட்டேன், வந்துவிட்டது. மிச்சத் துணியில் இரண்டு துண்டு தைத்துப் பார்த்தேன், சுமாராக வந்தது. நிஜப் போர்வையை மெஷினுக்குள் கொடுத்ததும் எல்லாம் மறந்துபோனது. முழுப் போர்வையையும் சுருட்டி மெஷினின் கைக்கும் உடலுக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்ன இடத்துக்குள் திணிக்கணும். மேஜைக்கு வெளியே தொங்குகிற பாரம் ஊசியைப் பக்கவாட்டில் இழுக்கும். ஒரு ஸ்டூல்மேல் தடித்தடியாக நாலு நாவலை அடுக்கி அந்தப் பாரத்தைத் தாங்கவைத்தேன். அவற்றில் ஒன்று நான் இன்னும் முடிக்காதது. தோட்டவேலைக்கு விற்கிற ரப்பர்ப்பிடி கையுறை இல்லாமல் விரல் வழுக்குகிறது. முதல் மூன்று சுழியிலும் உள்ளே போய் மாட்டிக்கொண்டேன். திரும்ப வழியில்லை. போட்ட கோட்டின்மேலேயே தடவித் தடவித் தைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்த இடங்கள் கயிறு மாதிரி தடித்துக் கிடக்கின்றன.

பிரித்துவிடலாம்தான். ஒரு நிமிஷம் தைத்ததைப் பிரிக்க அரைமணி நேரம் ஆகும் என்பது போகட்டும். பிரிக்காமல் விட்டதற்குக் காரணம் வேறு. முதல் வரிசையில் மாட்டிக்கொண்ட சுழி, மூன்றாம் வரிசையில் தயங்கித் தயங்கி வெளியே வருகிறது. ஆறாம் வரிசைக்குப் பிறகு தானாக வருகிறது. கை கற்றுக்கொண்டது அப்படியே துணியில் தெரிகிறது. காலில் போர்த்திக்கொள்கிற போர்வைக்கு இதைவிட என்ன நேர்த்தி வேணும்?

இந்தக் கை உயர்வு, மெஷின் தாழ்வு என்பது ஆதியிலிருந்து வந்த நியதியும் இல்லை. ஒட்டுப்போர்வைக்கென்றே கண்காட்சியும் மியூசியமும் வைத்திருக்கிற அமெரிக்காவின் கதையைப் பாருங்கள். ஐசக் சிங்கர் தன் தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கியது 1851இல். அடுத்த சில பத்தாண்டுகளில், வீட்டில் மெஷின் இருந்த பெண்கள் சிலர் அதன் தையல் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி போர்வையின் மேல்பக்கத்திலேயே ஓட்டினார்கள். மெஷின் விலையுயர்ந்த பொருளாக இருந்த காலம் அது. மெஷின் தையல் என்றால் அந்தஸ்து. 20ஆம் நூற்றாண்டில் மெஷின் சாதாரண வீடுகளுக்கும் வந்துவிட்ட பிறகு, பாட்டி காலத்துக் கைத்தையல் என்ற ஏக்கம் முளைத்தது, அந்தஸ்து கைக்கு மாறியது. ஊசிக்கு இதில் சம்பந்தமே இல்லை. எது எல்லோருக்கும் கிடைக்காதோ அதுவே உயர்ந்தது, அவ்வளவுதான் கணக்கு.

கென்டக்கி மாநிலத்தில் பதூக்கா என்ற ஊரில் அமெரிக்கன் குவில்டர்ஸ் சொசைட்டி நடத்துகிற கண்காட்சி இருக்கிறது. 1989இல் அங்கே ஒட்டுமொத்தச் சிறந்த படைப்புக்கான பரிசு கேரல் பிரையர் ஃபேலர்ட்டின் ‘கரோனா 2: சோலார் எக்லிப்ஸ்’ என்ற போர்வைக்குக் கிடைத்தது. சூரிய கிரகணம். மெஷினில் குவில்ட் செய்த ஒன்று அந்தப் பரிசை வென்றது அதுதான் முதல் தடவை. கைத்தையல்காரர்கள் பலருக்கு அது ரசிக்கவில்லை. இது குவில்டே இல்லை என்றார்கள். நம் தோழி சொன்ன ‘தானே’தான், ஆங்கிலத்தில்.

இதே வித்தை நம்மூரிலும் இருந்தது, இருக்கிறது. வட்டச் சட்டத்தில் துணியை மாட்டி, மெஷினின் பாதத்தைக் கழற்றிவிட்டு, ரவிக்கையிலும் சுடிதாரிலும் பூவும் கொடியும் ஓட்டுகிற மெஷின் எம்பிராய்டரிக்காரர்களைச் சின்ன ஊர்களில்கூடப் பார்க்கலாம். கை நகர்த்துகிற அதே கோடு. அவர்களில் யாரையும் நாம் கலைஞர் என்று கூப்பிட்டதில்லை. “நாளைக்குக் கல்யாணம்ணே, இன்னும் முடிக்கலையா” என்றுதான் கூப்பிட்டிருக்கிறோம்.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறேன். எனக்குச் சொந்த ஊர் கரூர். கைக்குட்டை, ஏப்ரன், நாப்கின், மேஜைவிரிப்பு, மெத்தைவிரிப்பு என்று வீட்டுத்துணி ஏற்றுமதியாகிற ஊர். அம்மா 22 வருஷம் ஒரு கம்பெனியில் டெய்லர். பீஸ் ரேட். ஒரு நாப்கினுக்கு நாலு பக்கம் மடிப்புத் தையல், நாலு மூலை. விளிம்பிலிருந்து தையல் எவ்வளவு தூரத்தில் ஓடணும் என்பது எழுதி ஒட்டியிருக்கும். கொஞ்சம் விலகினால் செக்கிங்கில் ரிஜெக்ட். பிரித்துத் திரும்பத் தைக்கணும், அந்த நேரத்துக்குக் காசில்லை. அம்மாவின் இடது ஆள்காட்டி விரல் நகத்தில் ஒரு பிளவு இருக்கிறது. ஷிப்மென்ட் அவசரத்தில் ஊசி ஏறிய இடம். கட்டுப் போட்டுக்கொண்டு அன்றைக்கே திரும்ப உட்கார்ந்தார்.

அந்த நாப்கின்களை யாரும் ‘கையால் செய்தது’ என்று சொல்ல மாட்டார்கள். ஒவ்வொன்றையும் அம்மாவின் கைதான் மடித்தது, திருப்பியது, மூலையைக் குத்தி நிமிர்த்தியது. ஆனால் அந்தக் கை அதில் எங்கேயும் தெரியக் கூடாது. தெரியாமல் இருப்பதற்குத்தான் தரம் என்று பெயர்.

அம்மா பொங்கல் கழித்து என் வீட்டுக்கு வந்தபோது போர்வை பாதியில் நின்றது. மெஷினைப் பார்த்ததும் குனிந்து தட்டைத் தடவிப் பார்த்தார்.

“ஏங்கண்ணு, பல்லெறக்கிப்போட்டு ஓட்டுனா துணி எப்புடி நவுரும்?”

“நாமதாம்மா நவுத்தோணும்.”

“நாம நவுத்துனா கோடு கோணிப் போயிருமே.”

“கோணட்டும்.”

என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். கால் அப்படி ஒரு கால். மெஷின் பூனை மாதிரி உறுமிக்கொண்டு ஒரே சீராக ஓடியது. எனக்கு இன்னும் பத்து வருஷம் ஆனாலும் அது வராது. கைதான் நகரவில்லை. இரண்டு உள்ளங்கையும் துணிமேல் விரிந்து, பல் வந்து இழுத்துக்கொண்டு போகும் என்று காத்திருந்தன. ஊசி ஒரே இடத்தில் குத்தி முடிச்சுப் போட்டது. நகர்த்தச் சொன்னேன். நேராக நகர்த்தினார். வளைக்கச் சொன்னேன். திரும்பவும் நேராகத்தான் போனது.

“கை வர மாட்டீங்குது கண்ணு” என்றார். “இத்தன வருசமா அதுதான இழுத்துட்டுப் போச்சு.”

கை உயர்வா மெஷின் உயர்வா என்று பேசுகிற யாருக்கும் இந்த வாக்கியம் எந்தப் பக்கத்தில் சேரும் என்று சொல்லத் தெரியாது. என் அம்மாவைக் கட்டிப்போட்டது மெஷின் என்றால், அதே மெஷின்தானே பல்லை இறக்கியதும் சும்மா நின்றது? அவர் கோட்டைத் தீர்மானித்தது எழுதி ஒட்டிய காகிதம், பீஸ் ரேட், செக்கிங் மேஜை. மெஷினை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் மற்ற மூன்றும் தப்பித்துக்கொள்கின்றன.

1924இல் ஜி. ராமச்சந்திரன் காந்தியிடம், எந்திரமே வேண்டாம் என்கிறீர்களா என்று கேட்டார். கதர்த் துணியின் காந்தி, ராட்டையின் காந்தி. அவர் விதிவிலக்காகச் சொன்னது சிங்கர் தையல் மெஷினை. எந்திரம் மனிதரின் கைகால்களை உபயோகமற்றுப் போகச் செய்கிறதா என்பதே அவருக்கு முக்கியமாக இருந்தது. நூறு வருஷம் கழித்து, அவர் பெயரை உச்சரித்துக்கொண்டே கைவினைக் கடை நடத்துகிறவர்கள், அவர் விட்ட இடத்துக்குப் பின்னால் போய் நிற்கிறார்கள்.

அப்படி ஒரு கடையில், சென்னையில், ஒரு த்ரோவைப் பார்த்தேன். ஓட்டத்தையல், உண்மையிலேயே அருமையான வேலை. தொங்கிய அட்டையில் கையால் தைத்தது என்று எழுதி, எத்தனை மணி நேரம் ஆனது என்பதையும் பெருமையாகப் போட்டிருந்தார்கள். மணிக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று போடவில்லை. விற்கிறவரிடம் கேட்டேன். சிரித்தார். கைவேலைக்கும் பீஸ் ரேட் உண்டு என்பது அந்தச் சிரிப்பில் தெரிந்தது. ‘மெதுவாகச் செய்தது’ என்பதை நாம் அழகாகக் கேட்டுக்கொள்கிறோம். மெதுவாகச் செய்கிறவளுக்கு அந்த மெதுவுக்கான காசு யார் கொடுப்பது?

பிசகு எப்போது குறை, எப்போது கலை என்பதையும் வாங்குகிறவர்களே முடிவு செய்கிறார்கள். அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவுக்குள் இருக்கிற ஜீஸ் பெண்ட் என்ற ஊர் இதற்குச் சாட்சி. பருத்தித் தோட்ட அடிமைகளின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், பழைய வேலைத்துணிகளைக் கிழித்துத் தைத்த போர்வைகள். குளிருக்காகத் தைத்தவை. 1966இல் அந்தப் பகுதிப் பெண்கள் ஃப்ரீடம் குவில்டிங் பீ என்ற கூட்டுறவை ஆரம்பித்தபோது, பெரிய கடைகளின் ஆர்டருக்கு ஒரே மாதிரி, ஒரே அளவில், திரும்பத் திரும்பச் செய்து தரவேண்டியிருந்தது. 2002இல் ஹூஸ்டன் நுண்கலை மியூசியத்திலும் பிறகு நியூயார்க்கின் விட்னி மியூசியத்திலும் ஜீஸ் பெண்ட் போர்வைகள் சுவரில் ஏறியபோது, கொண்டாடப்பட்டது எது தெரியுமா? ஒரே மாதிரி இல்லாததும், கோடு கோணியதும். கடையில் ரிஜெக்ட் ஆகியிருக்கக்கூடியது மியூசியத்தில் மேதைமையாகிவிட்டது. அந்தப் பெண்களின் மேதைமையில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. அது 2002இல் பிறக்கவில்லை என்றுதான் சொல்கிறேன்.

எனக்கு எதிராகச் சொல்லக்கூடியவையும் உண்டு. கைத்தையல் போர்வை உடம்பில் விழுகிற விதமே வேறு. மெஷின் தையல் நெருக்கமாக விழுந்தால் போர்வை அட்டை மாதிரி விறைக்கும். என் போர்வையின் முதல் வரிசை அப்படித்தான் இருக்கிறது. டிசைனைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் தானே தைத்து முடிக்கிற பெரிய மெஷின்களும் வந்துவிட்டன. அங்கே ஃப்ரீயும் இல்லை, மோஷனும் நம்முடையது இல்லை. ஒத்துக்கொள்கிறேன். ரசனைக்காகக் கைத்தையலை விரும்புகிறவர்களோடு எனக்குத் தகராறு இல்லை. ஒரு கருவியைப் பார்த்து அதைப் பிடித்திருப்பவரின் மதிப்பை அளக்கிறார்களே, அவர்களோடுதான். என்னுடையது பொழுதுபோக்கு, அம்மாவுடையது பிழைப்பு என்பதும் தெரியும். கோணட்டும் என்று சொல்ல எனக்கு முடிந்ததே என் சாப்பாடு அந்தக் கோட்டில் இல்லை என்பதால்தான். சண்டை போடுவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை யாராவது தைத்த ஒன்றை உங்கள் மடியில் போட்டால், கையா மெஷினா என்று கேட்பதை விட்டுவிடுங்கள். கோட்டை யார் தீர்மானித்தது என்று கேளுங்கள். விலைக்கு வாங்கியதென்றால் தைத்தவருக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டாலும் கேட்டு வையுங்கள், கடைக்காரர் ஒருநாள் சிரிக்க முடியாமல் போகட்டும். அப்புறம் போர்வையைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். கை எங்கே தடுமாறியது, எங்கே பழகியது என்பது அங்கேதான் இருக்கும்.

அம்மா ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் நான் தூங்கி எழுந்து வந்தபோது மெஷின் சத்தம் கேட்டது. கடைசி மூலையில், ஒரு சாண் அகலத்துக்கு, நாலைந்து சுழி. சுழி என்று நான் சொல்கிறேன், முழங்கை மாதிரி மடங்கி மடங்கித்தான் போகிறது. பின்பக்கம் முழுக்கக் கண்ணிமை மயிர். “பிரிச்சுரு கண்ணு, அசிங்கமா இருக்குது” என்றார்.

பிரிக்கவில்லை. தோழி மறுபடி வரும்போது அந்த மூலையைத்தான் முதலில் காட்டப் போகிறேன்.